'ஃபாலி'க்குக் கெமர் மொழியில என்ன சொல்றது?

அடுத்த கேள்வி. கம்போடியாவுல இங்கிலீஷ் சொல்லித்தர்ற ஒருத்தர் கேட்டிருக்காரு: "சார், பாடத்துல ஃபாலின்னு ஒரு வார்த்தை வருது. முட்டாள்தனம்னு அர்த்தம் தெரியும். கெமர்ல ல்ஙொங்னு சொல்லிடலாமா?"

பாதி சரி. ல்ஙொங்னா விஷயம் தெரியாதவன், மந்தமானவன். அதுக்கு எதிர்ப்பதம் ச்லாத், கெட்டிக்காரன். ஆனா ஃபாலியைச் செய்யறதுக்கு மக்கா இருக்கணும்னு அவசியமே இல்லை. நல்லாப் படிச்சவன், எல்லாரும் வேண்டாம்னு சொல்லியும், கையில இருக்கற காசையெல்லாம் ஒண்ணுல போட்டுட்டு நிப்பான் பாருங்க, அதுதான் ஃபாலி. லத்தீன்ல ஃபோல்லிஸ்னா கொல்லன் பட்டறைத் துருத்தி. உள்ள வெறும் காத்து. ஃபூல், ஃபாலி ரெண்டுமே அங்கருந்து வந்ததுதான்.

அப்போ ச்குவொத் போடலாமான்னா, அது பைத்தியம். வெறிநாய்க்கே ச்கே ச்குவொத்னுதான் பேரு. சிநேகிதங்களுக்குள்ள "உனக்கென்ன கிறுக்கா?"ன்னு கேட்கலாம், பாடத்துக்கு ஒத்து வராது.

இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. எழுத்துல 'பால', வாயில சொல்றப்போ கிட்டத்தட்ட 'பியல்'. பாலி மொழியிலருந்து போன சொல். சமஸ்கிருதத்துல பாலன்னா குழந்தை, விவரமில்லாதவன்னும் அர்த்தம் உண்டு. நாம பாலகன்னு கொஞ்சறோமே, அதே சொல்தான். புத்தமத நூலான தம்மபதத்துல 'பால வக்க'ன்னு முட்டாள்களைப் பத்தி ஒரு அதிகாரமே இருக்கு; அடுத்த அதிகாரம் பண்டிதர்களைப் பத்தி. ஆனா கெமர் பேச்சுல அது போக்கிரி, கெட்டவன்னு ஆயிடுச்சு. குழந்தையில ஆரம்பிச்சு ரவுடியில முடிஞ்சிருக்கு பாருங்க! அதனால இதையும் போட்டுடாதீங்க.

சரி, எதைத்தான் போடறது? குணத்தைச் சொன்னா பீயப் ல்ஙொங்க்லாவ். ல்ஙொங்க்லாவ்னா முட்டாள்தனமான. இந்தப் பீயப் வேற ஒண்ணுமில்லை, நம்ம 'பாவம்', அதாவது பாவனையில வர்ற பாவம். நம்ம '-தனம்' செய்யற வேலையை அது முன்னால நின்னு செய்யுது. ஃபாலீஸ்னு பன்மையில, செஞ்ச காரியங்களைச் சொன்னா, அம்பெ ல்ஙொங்க்லாவ். அம்பென்னா செய்கை. 'தெரிஞ்சே செஞ்சான்'ங்கற சாயல் இதுல முழுசா வராது, அதை ஒரு வரி கூடச் சொல்லித்தான் புரியவைக்கணும்.

ஒண்ணு மட்டும் கவனம். இங்கிலாந்துல சும்மா அழகுக்காகக் கட்டின வெட்டிக் கட்டடத்துக்கும் ஃபாலின்னுதான் பேரு. 1798-ல கட்டி முடிச்ச பிராட்வே டவர் அப்படித்தான், பார்க்கறதுக்குக் கோட்டை மாதிரி, கோட்டை கிடையாது. பாடத்துல அது வந்தா, "அழகுக்குக் கட்டின கோபுரம்"னு விளக்கமாச் சொல்லிடுங்க. கம்போடியாவுல பழைய கற்கோயிலுக்குப் பேரு ப்ராசாத். "ப்ராசாத் ல்ஙொங்"னு ஏதாவது சொல்லி வச்சீங்கன்னா, பிள்ளைங்க அன்னிக்குப் பாடத்தைக் கவனிக்காது.