தாகத்துக்குத் தா

(பெரிய வியாழன் மாலை, வலிகாமத்துச் சபையொன்றில் ஆற்றிய உரை)

அன்பான சபையாரே, பிள்ளைகளே,

யோவான் 13ஆம் அதிகாரத்தைச் சற்று முன் வாசிக்கக் கேட்டோம். ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, சீலையை அரையில் கட்டி, சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். நான் கணிதம் படிப்பித்தவன். ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியிலும் இந்த அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் கழுவுகிறவர் மேல்தான் இருந்தது. குனிந்து பிறருக்குச் செய்வதுதான் தாழ்மை என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அது சரிதான். ஆனால் அந்த அறையில் பேதுருவும் இருந்தான். அவனை நான் கவனிக்கவேயில்லை.

"நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான் அவன். கேட்கும்போது பணிவாகத்தான் இருக்கிறது. குருவுக்குக் காலைக் காட்டக் கூசுகிற நல்ல சீஷன்! ஆனால் ஆண்டவர் அதைப் பணிவு என்று எடுக்கவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறர் கையால் எதையும் வாங்கமாட்டேன் என்பவனுக்கு இங்கே பங்கில்லை. இது எனக்குப் புரிய என் மனைவி சாகவேண்டியிருந்தது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் எப்படி வளர்ந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அரிச்சுவடியோடு ஆத்திசூடி. "ஏற்பது இகழ்ச்சி." கோயிலுக்கு வந்தால், "வாங்குகிறதைப் பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்." இரண்டும் நல்ல வார்த்தைகள். ஆனால் அவை இரண்டும் எங்கள் வீட்டில் சேர்ந்து ஒரு பெருமையாய் இறுகிப்போயின. "ஒருத்தரிட்டையும் கை நீட்டாத குடும்பம்" என்று அப்பா சொல்வார். நானும் அதை என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஊரில் ஒரு சாவீடு என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். பந்தல் போடுவது முதல் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் சொல்வது வரை எல்லாவற்றையும் நானே எடுத்துச் செய்வேன். எந்த வீட்டிலும் ஒரு மிடறு தேநீர் குடிக்கமாட்டேன். அதைத் தாழ்மை என்று மற்றவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

என் மனைவி நோய்வாய்ப்பட்டு மூன்று கிழமைதான் இருந்தா. நான்கு வருடம் ஆகிறது. அடக்கம் முடிந்த இரவு, எங்கள் சபைத் தம்பி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றார். நல்ல மனதோடு சொன்னார். எனக்கோ நெஞ்சில் யாரோ காலை வைத்ததுபோல இருந்தது. எத்தனை வீடுகளில் இதே வசனத்தை நான் சொல்லியிருப்பேன்! அது யோபு தன்னைப் பற்றித் தானே சொன்ன வார்த்தை. பக்கத்தில் நின்றவன் அவனுக்குச் சொன்னதல்ல. யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரேயொரு நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடுகூடத் தரையில் இருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் பிழையாய்ப் போனது. என் வார்த்தையைக் கேட்டுத் தலையாட்டிய அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் இன்றைக்கு இந்த இடத்திலிருந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

எட்டாம் நாளுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு. அவர்களும் லீவு முடிந்து திரும்பினார்கள். குசினியில் அவவின் தேங்காய் துருவும் அலகு அப்படியே இருந்தது. அதன் பல்லில் ஒரு வெள்ளைத் துருவல் காய்ந்து ஒட்டியிருந்ததை நான் பல நாள் கழுவாமல் விட்டேன். அடுப்பு மூட்டவில்லை. பாணும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. ஒரு நாள் இருட்டுகிற நேரம், பின்வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் அயல் வீட்டுப் பெண் வந்தா. கையில் ஒரு அலுமினியச் சட்டி, மேலே வாழையிலை மூடி.

"மாஸ்ரர், கஞ்சி கொண்டந்திருக்கிறன். சூட்டோட குடியுங்கோ."

வைத்துவிட்டுப் போய்விட்டா. முருங்கையிலை போட்ட அரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பால் விட்டது. நான் குடித்தேன். குடித்து முடிந்ததும் எனக்கு முதலில் வந்தது நன்றியல்ல. இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற யோசனைதான். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம் அல்லவா. அடுத்த நாள் சட்டியில் ஒரு கிலோ சீனி போட்டு, அதற்குள் ஒரு ஆயிரம் ரூபாய்த் தாளையும் மடித்து வைத்துக் கொடுத்தேன். அன்று மாலையே சீனியும் காசும் திரும்பி வந்தன. அதோடு புட்டும் வந்தது.

"என்ன மாஸ்ரர், கடன் தீர்க்கிறியளோ?"

கோபமாகக் கேட்கவில்லை. முகத்தில் ஒரு நோவு இருந்தது, அவ்வளவுதான். ஆனால் வாழ்க்கையில் ஒரு பிரசங்கமும் என்னை அப்படிக் குத்தியதில்லை.

அந்தக் குடும்பம் யார் என்று சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அவர்கள் சைவர்கள். எங்கள் பனந்தோட்டத்தில் மூன்று தலைமுறை வேலை செய்தவர்கள். நான் சிறுவனாக இருந்தபோது அவர்கள் எங்கள் கிணற்றில் அள்ளமுடியாது. நாங்கள் அள்ளி ஊற்ற வேண்டும். எங்கள் விருந்தாளிக்கு மூக்குப்பேணி, அவர்களுக்குச் சிரட்டை. நாங்கள் வேதம் வாசிக்கிற வீடு! தினமும் குடும்ப ஜெபம் நடந்த வீடு!

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கே, யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். ஆங்கிலம், வானசாஸ்திரம், கணிதம் எல்லாவற்றையும் எங்கள் பிள்ளைகள் ஆவலோடு படித்தார்கள். ஆனால் கிறிஸ்தவ வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட மறுத்தார்கள். அதனால் பக்கத்துச் சைவக் காணியில் தனியாக ஒரு சமையல் கொட்டில் போட வேண்டியிருந்தது. படிப்பு வேண்டும், சோறு வேண்டாம். பிறகு பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்ற பிறகும் எங்களில் பல பேர் அந்தக் கொட்டிலை மனதுக்குள் கொண்டுதான் கோயிலுக்கு வந்தோம். 1929, 30ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொண்டுவந்தபோது இந்தக் குடாநாட்டில் பள்ளிகளுக்கு நெருப்பு வைத்தார்கள். எங்கள் பாட்டன்மாரின் காலம் அது. வெகு தூரத்துக் கதையல்ல.

ஆக, அந்தச் சட்டி என் படியில் வந்து நின்றபோது, ஒரு கிலோ சீனியால் நான் மறைக்கப் பார்த்தது என்ன என்று உங்களுக்கு விளங்கும்.

அந்த நாட்களில் ரூத்தின் புத்தகத்தைத் திரும்ப வாசித்தேன். நகோமி புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மோவாபில் இழந்து பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். "நான் நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்" என்கிறாள். இந்த வசனம் எங்களுக்கு அந்நியமானதல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குத் தப்பி, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தால் அடி அடியாக நகர்ந்து தென்மராட்சிக்குப் போனவர்கள் இங்கே எத்தனை பேர்! அடுத்த வருடம் சித்திரையில் திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டுக்கு முன்னால் நின்று, நகோமி சொன்னதைத்தான் நாங்களும் சொன்னோம். அப்போதும் சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் தன் விறாந்தையை எங்களுக்கு விட்டுத்தந்தார். ஐந்து மாதம் இருந்தோம். திரும்பி வந்ததும் அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். அதோடு அதை மறந்தேன். வாங்கியதை மறப்பதும் பெருமையின் ஒரு வேலைதான்.

நகோமி "வெறுமையாய்" என்று சொல்கிறபோது அவள் பக்கத்தில் யார் நிற்கிறாள்? ரூத். தன் ஊரையும் சனத்தையும் விட்டு அவளோடு நடந்து வந்த மோவாபியப் பெண். பெத்லகேம்காரர் மதிக்காத சாதி சனம். நகோமியின் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. நானும் ஒவ்வொரு இரவும் "எனக்கு ஒருவரும் இல்லை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அந்த நேரமெல்லாம் சட்டி படியில் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். என் இழப்பு எனக்குக் கற்றுத்தந்ததைத்தான் நான் சொல்கிறேன். இன்னொருவரின் இழப்பு எதற்காக வந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு பவுல் ஆலயத்தில் தஞ்சமென்று போய் இருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 2004 மார்கழி 26, நத்தாருக்கு அடுத்த காலை, வடமராட்சி கிழக்கில் கடல் எழும்பி வந்தது. காணாமல்போன பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்தபடி இன்றைக்கும் தெருவோரம் இருக்கிற தாய்மார் உண்டு. அவர்களிடம் போய், "இதெல்லாம் உங்களைத் தாழ்த்தி எடுக்க ஆண்டவர் செய்தது" என்று யாராவது சொன்னால் அவர் வாயைப் பொத்துங்கள். அவர்களோடு தரையில் இருங்கள். லாசருவின் கல்லறையில் ஆண்டவரே விளக்கம் சொல்லவில்லை, கண்ணீர் விட்டார்.

சரி, விசுவாசத்துக்கு வருகிறேன். அவ போன பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் எனக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தேன், அந்த மூன்றாம் வாங்கில்தான் இருந்தேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். விசுவாசம் போய்விட்டது என்றே எண்ணினேன். போதகர் ஐயாவிடம் ஒரு நாள் மனம் விட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் போதிக்கவில்லை. மாற்கு இரண்டாம் அதிகாரத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார். நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு எதைக் கண்டார்? "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனைத் தனியாக நிறுத்தி, உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று ஆண்டவர் கேட்கவில்லை. சுமந்தவர்களுடைய விசுவாசம் அன்றைக்கு அவனுக்கும் போதுமாயிருந்தது.

இதை வாசித்த ஞாயிறு எனக்கு நல்ல ஞாபகம். பின் வாங்கில் ஒரு அம்மா சுருதி சேராமல், முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தா. முன்பெல்லாம் அந்தக் குரல் எனக்கு இடைஞ்சலாக இருக்கும். அன்றைக்கு, இந்த அம்மா எனக்கும் சேர்த்துப் பாடுகிறா என்று தோன்றியது. விசுவாசத்தையும் நான் சொந்தச் சம்பாத்தியமாகவே வைத்திருந்தேன் போலும். அது கையில் இல்லாமல் போன பிறகுதான், இத்தனை பேர் சுமந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஜெபம் அன்றே திரும்பிவிடவில்லை. மெல்ல மெல்ல வந்தது. முதலில் வந்தது பிசாசு பிடித்த பையனின் தகப்பன் சொன்னதுதான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இன்றைக்கும் எனக்கு அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வராது.

நாளைக்குப் பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் தியானிப்போம். ஐந்தாவது வார்த்தைக்கு வரும்போது கொஞ்சம் நின்று கேளுங்கள். "தாகமாயிருக்கிறேன்." எல்லாவற்றையும் கொடுத்தவர் கேட்கிறார். போர்ச்சேவகர் கடற்காளானைக் காடியில் தோய்த்து நீட்டுகிறார்கள். "இயேசு காடியை வாங்கினபின்பு, முடிந்தது என்று சொல்லி." வாங்கினபின்பு! தம்மை அறைந்தவர்களின் கையிலிருந்து வாங்கிய பிறகுதான் முடிந்தது என்கிறார். இதற்கு முன்னும் ஒரு முறை கேட்டிருக்கிறார். சீகார் கிணற்றடியில், யூதர் புழங்காத சமாரியப் பெண்ணிடம், வெயிலில் களைத்துப்போய் உட்கார்ந்து, "தாகத்துக்குத் தா" என்றார். அவருக்குப் பாத்திரம்கூட இல்லை. அவளுடைய குடத்தால்தான் குடித்திருக்க வேண்டும்.

போன சித்திரையில் எங்கள் வீட்டு மோட்டர் பழுதாகிவிட்டது. கிணற்றுக் கயிறும் இற்றுப்போயிருந்தது. உச்சி வெயில். நான் பின்வேலிப் பொட்டடிக்குப் போனேன். அந்தப் பொட்டுக்குள்ளால் அவர்கள் பக்கம் நான் போனது அதுதான் முதல் தடவை. "தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா" என்றேன்.

அந்தப் பிள்ளை ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு உள்ளே ஓடினா. டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பவும் கழுவுகிற சத்தம் கேட்டது. கொண்டுவந்து நீட்டினா. நான் அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்துக் குடித்தேன். திண்ணையில் அவவின் மாமியார் இருந்தா. எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் கிணற்றடியில் சிரட்டை ஏந்தி நின்ற அந்த மனுசியை என் சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். அவ கண் எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. நான் குடித்து முடித்து டம்ளரை இறக்கியதும் மருமகளைப் பார்த்துச் சொன்னா:

"மாஸ்ரருக்கு இன்னும் கொஞ்சம் வார்த்துக் குடு பிள்ளை."