பஸ் இலவசம், பஸ் ஸ்டாப்புக்குப் போவது?

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் நடைபாதை என்றதும் நிறையப் பேருக்குப் பாண்டி பஜார்தான் ஞாபகம் வரும். அந்தக் கடைவீதியில் 2019-ல் நடைபாதை வளாகம் திறந்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, நானும் போய் நடந்திருக்கிறேன். ஆனால் அங்கே ஆசைக்கு நடக்கிறோம். கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வேறு வழியில்லாமல் நடக்கிறார்கள். நகருக்குள் இருந்த குடிசைகளைக் காலி செய்து, பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து குடிவைத்த இடங்கள் இவை. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை அபார்ட்மென்ட்டுகளுக்கு வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. பெரிய விஷயம்தான். ஆனால் பஸ் ஸ்டாப் வரைக்கும் உயிரோடு போய்ச் சேர வேண்டுமே!

நடைபாதை இல்லை என்றால், இருக்கிறதே என்பார்கள். அது என்ன தெரியுமா? மழைநீர் வடிகாலின் மூடி. பல இடங்களில் முழங்கால் உயரம். சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 விதிப்படி உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும். அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரும் புதிருமாகப் போகலாம். இங்கே மூட்டுவலிக்காரப் பாட்டி ஏறவே முடியாது, ஏறினாலும் பத்தடியில் ஒரு வீட்டுச் சரிவு, அதைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர். வீட்டுக்காரரைத் திட்டவும் மனசு வரவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டால் வீடு பள்ளமாகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது, அவர் வாசலைத் தூக்கிச் சரிவு கட்டுகிறார், அந்தச் சரிவு நடைபாதையை வெட்டுகிறது. ஆக, ரோடு போடும்போதே சுரண்டச் சொல்லிச் சண்டை போடாமல் நடைபாதை கேட்டுப் பிரயோஜனமில்லை.

போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று 2014-லேயே சென்னை மாநகராட்சி கொள்கை வகுத்துவிட்டது. செம்மஞ்சேரியும் கண்ணகி நகரும் 2011-ல் மாநகராட்சிக்குள் வந்தன, பெரும்பாக்கம் அப்போது வெளியே நின்றுவிட்டது, அதனால் மாநகராட்சிக் கொள்கை அதைத் தொடவில்லை. நடக்கிறவருக்கு எல்லை எங்கே தெரியப்போகிறது?

சரி, ஊர் முழுக்க ஒரே நாளில் கேட்க வேண்டாம். பஸ் ஸ்டாப்பையும் பள்ளிக்கூடத்தையும் சுற்றி ஐந்நூறு மீட்டரை எடுத்துக்கொள்வோம். சக்கர நாற்காலியில் போகிற ஒருவர், வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத் திரும்புகிற ஓர் அக்கா, இவர்களோடு சேர்ந்து நடப்போம். எரியாத விளக்கின் கம்ப எண், மூடியில்லாத குழி எந்த வீட்டு எதிரே, எல்லாவற்றையும் எழுதி, மாநகராட்சிப் பகுதியில் மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்கும் ஊராட்சியில் கிராம சபைக்கும் கொண்டுபோவோம். கம்ப எண்ணோடு கொடுத்தால், 'பார்க்கிறோம்' என்று சொல்லி அனுப்புவது கொஞ்சம் கஷ்டம்.