அம்மா போன்ல மினுக்கின கவர் – பட்டிமன்றப் பேச்சு

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இருக்கிறது ஏழு நிமிஷம், அதனால நேரா வரேன். ‘கென்யாவில் செல்போன் குடும்பத்தைச் சேர்த்ததா, பிரித்ததா’, நாங்க சேர்த்ததுன்னு பேச வந்திருக்கோம்.

எதிரணி அக்கா என்ன சொல்லிட்டு உக்காந்தாங்க? “முன்னாடி பையன் காசை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போனான், அம்மா முகத்தைப் பாத்தான், இப்ப எம்-பெசான்னு செல்போன்லயே காசு அனுப்பிடுறான், அம்மாவுக்கு அந்த மெசேஜ்தான் போகுது, அதுல கன்ஃபர்ம்ட்னு போட்டிருக்கு, பாசமும் கன்ஃபர்ம்ட் ஆயிடுமா?”ன்னாங்க. என்னா கைதட்டல்! தட்டினவங்கள்ல பாதிப்பேரு வாசல்ல சமோசாவுக்கு எம்-பெசாலதான் காசு குடுத்தீங்க, பாத்துட்டுதான் வந்தேன்.

அக்கா, முன்னாடி யாரு காசை எடுத்துட்டுப் போனா? பையனா? கண்டக்டர்!

எங்க பில்டிங் வாட்ச்மேன், நாங்க ம்ஸேன்னுதான் கூப்பிடுவோம், சுவாஹிலில பெரியவர்னு அர்த்தம், ஊரு காக்கமேகா, இங்க நைரோபியிலிருந்து ராத்திரி பூரா பஸ். 2007க்கு முன்னாடி அவர் கவர்ல ஆயிரம் ஷில்லிங் வச்சு கண்டக்டர்கிட்ட குடுப்பாரு, அம்மா கைக்கு எழுநூறு போகும். இவர் புத்திசாலி, அடுத்த தடவை உள்ள லெட்டர் வச்சாரு, ‘அம்மா, இதுல ஆயிரம் இருக்கு, எண்ணிப் பாத்துக்கோ’ன்னு. அப்பவும் எழுநூறுதான், ஆனா அம்மா சரியா வந்துச்சுன்னு சொல்லி அனுப்புறாங்க. எப்படி? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. லெட்டரைப் படிச்சுக் காட்டினது யாரு? அதே கண்டக்டர்! ‘அம்மா, இதுல எழுநூறு இருக்கு’ன்னு ராகம் போட்டுப் படிச்சிருக்கான் நடுவர் அவர்களே! ‘எண்ணிப் பாத்துக்கோ’ங்கிறதை மட்டும் ஒழுங்கா படிச்சிருக்கான்!

2007 மார்ச்ல சஃபாரிகாம்ங்கிற போன் கம்பெனி எம்-பெசாவைக் கொண்டு வந்துச்சு, பட்டன் போன் போதும், பேங்க் கணக்கு வேணாம், ஊர் மளிகைக் கடைக்காரர் அடையாள அட்டையைப் பாத்து, நோட்டுல கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிட்டு காசை எண்ணிக் குடுப்பாரு. அந்த வருஷக் கடைசியில எலெக்‌ஷன் கலவரம் வந்து ரோடெல்லாம் அடைஞ்சப்ப மாட்டிக்கிட்ட சொந்தக்காரங்களுக்குக் காசு போனது இதுலதான். 2016ல வந்த ஒரு ஆய்வு, இதனால 1,94,000 குடும்பம் வறுமையிலிருந்து மேல வந்துச்சுன்னு சொல்லுது.

முகம் பாக்கிறதுக்கு வரேன். ம்ஸே காசு அனுப்பினா அம்மா ஒரு மிஸ்டு கால் குடுக்கும், இங்க ஃப்ளாஷ்ம்பாங்க, அதான் ரசீது. ஒரு மாசம் காசு அனுப்பியும் ஃப்ளாஷ் வரல. ரெண்டு நாள் ஆச்சு, மூணு நாள் ஆச்சு, கூப்பிட்டா எடுக்கல. மனுஷன் டூட்டியை என்கிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு.

போய்ப் பாத்தா அம்மா வாசல்ல உக்காந்து கீரை ஆயுது. போன் லெசோ துணி முடிச்சுல, சைலண்ட்ல கிடக்கு. பழைய நோக்கியா, ஸ்க்ரீன்ல குட்டியா ஒரு கவர் படம் மினுக்கிட்டே இருக்கு. இன்பாக்ஸ் ஃபுல்லு, புது மெசேஜ் உள்ள வர இடமில்ல. பக்கத்து வீட்டுப் பொடியன் பழசையெல்லாம் அழிக்கிறேன்னு வந்திருக்கான், அம்மா போனைப் பிடுங்கி முடிஞ்சு வச்சிடுச்சு. ‘இது என் புள்ள அனுப்புனது, இதை எவன் அழிப்பான்’னு.

அத்தனையும் கன்ஃபர்ம்ட், கன்ஃபர்ம்ட், கன்ஃபர்ம்ட்தான் அக்கா. அந்த அம்மாவுக்கு அதுல ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

மணி அடிச்சிட்டீங்க. ம்ஸே அன்னிக்கு நாலு நாள் ஊர்லயே இருந்தாரு, கேட்டை நான்தான் தொறந்து விட்டேன். வணக்கம்.