மூக்கு ஆபரேஷன்: சர்ஜனுக்குத் திருப்தி, நோயாளிக்கு?

[திரையில்: ஒரே மூக்கு, பக்கவாட்டில் ரெண்டு படம்]

இடது பக்கம் ஆபரேஷனுக்கு முன்னாடி. வலது பக்கம் ஒரு வருஷம் கழிச்சு. மூக்குத் தண்டுல இருந்த மேடு போயிடுச்சு. சர்ஜனைக் கேட்டா "நல்லா வந்திருக்கு"ங்கறார். மூக்குக்குச் சொந்தக்காரங்க "என்னமோ சரியில்ல"ங்கறாங்க.

ரெண்டு பேரும் எதோட ஒப்பிடுறாங்கன்னு பாருங்க. சர்ஜன் பழைய மூக்கோட ஒப்பிடுறார். குருத்தெலும்பு எவ்வளவு கோணலா இருந்தது, தோல் எவ்வளவு தடிப்பு, அதுல எந்த அளவுக்குச் செய்ய முடிஞ்சதுன்னு அவருக்குத் தெரியும். நோயாளி ஒப்பிடுறது மனசுல வரைஞ்சு வச்சிருந்த மூக்கோட.

[திரையில்: கையில் போன், செல்ஃபி]

பார்க்கிற படமும் வேற. சர்ஜன் தள்ளி நின்னு எடுப்பார். நோயாளி தினமும் பார்க்கிறது செல்ஃபி. 12 அங்குலத்துல எடுத்த செல்ஃபி, 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கை ஏறக்குறைய 30 சதவீதம் அகலமா காட்டும்னு 2018-ல அமெரிக்க ஆய்வு ஒண்ணு கணக்குப் போட்டுச் சொல்லுச்சு.

எந்தப் படத்துலயும் தெரியாதது மூச்சு. மேட்டைச் செதுக்கும்போது உள்ளே காத்து போற வழி குறுகிடலாம். அங்க 'வால்வு'ன்னு சொல்ற குறுகலான இடத்தோட கோணமே 10 முதல் 15 டிகிரிதான். படம் அழகா இருக்கும், ராத்திரி படுத்தா மூக்கு அடைக்கும். நோயாளி வாயைத் திறந்து சொல்லாம இது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் நோயாளிகிட்டயே கேட்கத்தான் 2000-ல அல்சராஃப்ங்கற மருத்துவர் ஒரு படிவம் கொண்டுவந்தார். ஆறே கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4 வரை மார்க். அதுல ஒரு கேள்வி எனக்கு ரொம்ப முக்கியமா படுது: உங்க மூக்கு இதைவிட நல்லா இருக்க முடியாதுன்னு எவ்வளவு நம்புறீங்க? இதையே சர்ஜன்கிட்டயும் கேட்டு, ரெண்டு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும்.

சிலருக்கு, மத்தவங்க கண்ணுக்கே தெரியாத குறை மனசை அரிச்சுக்கிட்டே இருக்கும். அவங்களுக்கு மனநல மருத்துவர்தான் உதவ முடியும், கத்தி உதவாது. அதுக்காக, திருப்தியில்லன்னு சொல்ற எல்லாருக்கும் மனசுலதான் கோளாறுன்னு ஒதுக்குறது பெரிய தப்பு.

[திரையில்: மூக்கு நுனி, நெருக்கத்தில்]

மூணாவது மாசம் "நுனி தடிப்பா இருக்கே"ன்னா, அது பெரும்பாலும் வீக்கம். வடிய ஒரு வருஷம்கூட ஆகும். மறு ஆபரேஷன் பேச்சை சர்ஜன்கள் தள்ளிப்போடுறது அதனாலதான். ஆனா மூச்சு விட முடியலன்னு வந்து நின்னா, அன்னைக்கே மூக்குக்குள்ள பார்க்கணும்.