கைக்குப் பயிற்சி தருகிறோம், மனத்துக்கு எப்போது?

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வந்து சிறப்பித்திருக்கும் முதல்வர் அவர்களே, என்னைவிட அறுவை அரங்கை நன்கறிந்த மூத்த பேராசிரியப் பெருமக்களே, மயக்கவியல், செவிலியர் துறை நண்பர்களே, குறிப்பேட்டுடன் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மூச்சு, மன ஒத்திகை, பிழைக்குப் பின் மீண்டெழுதல் என்னும் மூன்றைப் பற்றி நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் வேர் ஒரே பழமொழிதான்: பதறாத காரியம் சிதறாது.

பயிற்சியின் இரண்டாம் ஆண்டில், சிறு துளைகள் வழியே கேமராவை உள்ளே விட்டுத் திரையைப் பார்த்தபடி செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் அறுவை ஒன்றில் கருவிகள் என் கையில் இருந்தன. பித்தப்பைத் தமனியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அது கிழிந்து, திரை முழுவதும் சிவந்தது. மானிட்டரின் ஒலியோ மயக்க மருத்துவரின் கேள்வியோ என் காதில் விழவில்லை. கை மட்டும், இரத்தக்குழாயை இறுக்கி மூடும் கிளிப் கருவியோடு அந்தச் சிவப்புக்குள் பாய்ந்தது. எதிரே நின்ற ஆசிரியர் அதட்டவில்லை. என் விரல்களின் மேல் தம் கையை வைத்து, "கிளிப்பை வெளியே எடு தம்பி. துணியை உள்ளே விட்டு அழுத்து. இப்போது மூச்சை விடு" என்றார். அழுத்தியபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். முதல் நிமிடத்தில் கையுறைக்குள் விரல்கள் நடுங்கின. மூன்றாம் நிமிடத்தில் மானிட்டரின் ஒலி மறுபடி கேட்கத் தொடங்கியது. ஐந்தாம் நிமிடத்தில் துணியை விலக்கியபோது இரத்தம் நூலாகக் கசிந்துகொண்டிருந்தது, தமனியின் முனை தெளிவாகத் தெரிந்தது. நான் கண்மூடித்தனமாகக் கிளிப் போடப்போன இடத்தில் கிடந்தது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம்! பதறாத காரியம் சிதறாது என்பதை அன்று நான் கண்ணால் கண்டேன்.

இது என் ஒருவனின் அனுபவம் அன்று. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, லேப்ராஸ்கோப்பி அறுவையில் நேர்ந்த 252 பித்தநாளக் காயங்களை அலசி, பெரும்பாலானவற்றின் மூலகாரணம் கைத்திறக் குறைவு அன்று, கண்ட நாளத்தை வேறொன்றாகக் கொண்ட பார்வை மயக்கமே என்று காட்டியது. அப்படியிருக்க, நாம் முடிச்சுக்கும் தையலுக்கும் பயிற்சிப் பெட்டியும் தேர்வும் வைத்துவிட்டு, பார்வையையும் பதற்றத்தையும் ஆளும் கலையை மாணவர் தாமாகவே கற்றுக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். என் ஆசிரியர் அன்று எதிரே நின்றது என் நல்லூழ். நல்லூழைப் பாடத்திட்டமாகக் கொள்ள முடியாது.

மன ஒத்திகை என்பது கண்ணை மூடி வெற்றியைக் கனவு காண்பதன்று. முந்தின நாள் மாலையே முதல் துளை முதல் கடைசித் தையல் வரை, எந்தக் கருவி எந்தக் கையில், இழுக்கும் திசை எது, இரத்தம் பீறிட்டால் முதலில் என்ன செய்வது என்று படிப்படியாக மனத்துக்குள் நடத்திப் பார்ப்பதாகும். இதை எழுதிவைத்த வரிசைப்படி ஆசிரியர் முன் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் விட்டுப்போன படி உடனே புலப்படும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம், பணிநேரத்துக்குள்ளேயே, மனப்பயிற்சிக்கென அட்டவணையில் இடம்பெற வேண்டும். மாணவரின் பதிவேட்டில் அறுவைகளின் எண்ணிக்கைக்கு அருகிலேயே இதற்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். பயிற்சியை நடத்திய ஆசிரியர் அதில் கையொப்பமிட வேண்டும். அதற்கான வரைவை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். முதல்வர் அவர்கள் இம்மேடையிலேயே அதைப் பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.