எங்கள் தோட்டத்தின் கடைசிக் காமன் கூத்து

[திரையில்: இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே கோயில், அதற்கு முன்னால் வெறும் பொட்டல்.]

வருகிற மாசியோடு எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நிற்கிறது. கோயில் கமிட்டியில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். சண்டை எதுவும் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து ஆடிவந்த கூத்து ஏன் நிற்கிறது என்று புரிய வேண்டுமானால், அது எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்கிறாள் ரதி. அவன் கேட்காமல் போகிறான், கரும்பு வில்லை வளைத்துப் பூ அம்பை விடுகிறான். நெற்றிக்கண் திறக்கிறது, ஆள் சாம்பல். ரதி அழுது மன்றாடிய பிறகு சிவன் மனமிரங்குகிறார். ஆனால் இனிமேல் மன்மதன் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்.

தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பிக்கும் அப்புறம் தேயிலைக்கும் வந்தவர்களோடு சேர்ந்து வந்த கூத்து இது. அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படி வந்தவைதான்.

[திரையில்: பொட்டலில் காமன் ஊன்றும் பழைய புகைப்படம்.]

இதற்கு மேடையும் கிடையாது, டிக்கட்டும் கிடையாது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் பொட்டலில் காமன் ஊன்றுவார்கள். ஆமணக்கும் கரும்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பம் அது. அதிலிருந்து பௌர்ணமி வரை, இரண்டு வாரத்துக்குக் கிட்ட, தினமும் இரவில் ஆட்டம். மலையில் கொழுந்து குறைவான காலம் என்பதால் இது தோட்டத்துக்குத் தோதாகவும் இருந்தது. வேஷம் கட்டுகிறவர்களுக்கு விரதம் உண்டு. கவிச்சி, குடி எதையும் தொடக்கூடாது. ரதிக்கும் மன்மதனுக்கும் முறைப்படி கல்யாணம் நடக்கும். அப்புறம் ஜோடியாக லயம் லயமாக ஆடி வருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி, கையில் கொஞ்சம் காசு.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ரதி வேஷம் கட்டுவது ஒரு கவாத்துக்காரர், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிறவர். பகலெல்லாம் கவாத்துக் கத்தியோடு நிற்கிறவர். மாசி பிறந்தால் மீசையை எடுத்துவிடுவார். விரலெல்லாம் வெட்டுத் தழும்பு, அந்தக் கையில் டஜன் கணக்கில் கண்ணாடி வளையல். ரதிக்குச் சேலை கொடுப்பதில் பெண்களுக்குள் ஒரு போட்டியே நடக்கும். நேற்று மேல் லயத்துச் சேலை என்றால் இன்று பணிய லயத்துச் சேலை. எங்கள் அம்மாவின் ஊதாச் சேலை ஒரு தடவை கட்டப்பட்டது. அந்தப் பெருமை இன்னும் ஓயவில்லை.

கூத்துக்கு அடிக்கும் தப்பு என்ற பறைக்கு வருவோம். வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல், அடிக்க இரண்டு குச்சி, ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. இந்தக் குளிரில் பனி இறங்கினால் தோல் தளர்ந்துபோகும். அடித்தால் தொப்பென்று கேட்கும். அதற்காகவே பொட்டல் ஓரத்தில் மிலாறை, அதாவது கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியை, குவித்துத் தீ மூட்டியிருப்பார்கள். தப்பைத் தீக்கு நேரே காட்டி, திருப்பித் திருப்பி வாட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வாட்டி, கணீரென்று வந்ததும்தான் தோளில் மாட்டுவார் பெரியப்பா. எமன் வருகிற அடி வேறு, ரதி வருகிற அடி வேறு. படுத்துக் கிடந்தாலும் பொட்டலில் யார் ஆடுகிறார்கள் என்று காம்பராவில், எங்கள் லயத்து அறையில், இருந்தே சொல்லிவிடலாம். வீரபத்திரன் அடி கேட்டால் நாங்கள் இஸ்தோப்பு (வீட்டு முன் திண்ணை) பக்கமே போக மாட்டோம். அந்த வேஷக்காரரை இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள், அத்தனை உக்கிரம்.

பௌர்ணமி இரவில் கம்பத்துக்குத் தீ வைப்பார்கள். உடனே ரதியின் ஒப்பாரி. இங்கேதான் கூத்து கைமாறும். சுற்றி நிற்கும் பெண்கள் அவர் அடியை எடுத்துப் பாட ஆரம்பிப்பார்கள். பாதியில் அது மன்மதனுக்கான அழுகையாக இருக்காது. போன வருஷம் செத்துப்போன புருஷனுக்கும், ஊரோடு போய்விட்ட அண்ணனுக்கும் சேர்த்து அழுவார்கள். அப்புறம் காமனை உயிர்ப்பிக்கும் சடங்கு. அதோடு விரதம் முடியும்.

[திரையில்: ரயில் பெட்டி ஜன்னலில் கைகள்.]

ஊரோடு போனது என்றால் என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் எழுதினார்கள். யாருக்குப் பாட்டு தெரியும், யாருக்கு ஆட்டம் தெரியும் என்று பார்த்து எழுதவில்லை. எங்கள் தோட்டத்தின் பழைய கூத்து மாஸ்டர் நீலகிரியில் கூடலூர் பக்கம் போனார், தம்பி இங்கேயே நின்றார். பாட்டில் பாதி அண்ணனோடு போய்விட்டது. மிச்சத்தை வைத்து இவர்கள் இத்தனை வருஷம் ஓட்டியதே பெரிய காரியம்.

இப்போது வந்திருப்பது வேறு பிரச்சினை. பையன்கள் எல்லாம் கொழும்பில், கடையிலும் ஹோட்டலிலும். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் லீவு எடுத்து வந்துவிடுகிறார்கள். தை முடிந்து மாசியில் மறுபடி இரண்டு வாரம் லீவு என்றால் எந்த முதலாளி கொடுப்பார்? வேடிக்கை என்னவென்றால் எரிக்கிற நாள் பௌர்ணமி, நாட்டுக்கே போயா லீவு. அன்று பொட்டலில் கால் வைக்க இடமிருக்காது. பார்க்கத் தாராளமாக ஆள் இருக்கிறது. முன்னால் இருக்கும் இரவுகளில் ஆட ஆள் இல்லை.

அப்படியானால் ஒரே இரவில் ஆடி முடித்தால் என்ன என்று கேட்பீர்கள். கமிட்டியிலும் கேட்டார்கள். கலை விழாக்களில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடுகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் வாசலில் ஆரத்தி எடுக்காத, கல்யாணத்தைப் பார்க்காத ஒருத்திக்கு எரிகிற கம்பம் வெறும் வைக்கோல்தான். இப்போதைய கூத்து மாஸ்டர் முடியாது என்று சொன்னதில் எனக்கு உடன்பாடுதான்.

[திரையில்: கோடு போட்ட கொப்பி, ஓரங்கள் கறுத்த பக்கங்கள்.]

மாஸ்டரின் பாட்டுக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். ரதி கனவு கண்டு மன்மதனைத் தடுக்கிற இடத்தில் சில பக்கங்கள் இல்லை. கூடலூர், கோத்தகிரி பக்கம் இருக்கிற நம் ஆட்களில் யாருக்காவது அந்தப் பாட்டு வருமென்றால் போனில் பாடி அனுப்புங்கள், மெட்டு பிசகினாலும் பரவாயில்லை. கொழும்பில் இருக்கிற பையன்களே, போயாவுக்கு முந்தின இரவு வராதீர்கள், கல்யாணத்துக்கே வந்துவிடுங்கள். மன்மதனுக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை.