கிராப் வெட்டிய பெண்ணின் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

(திரையில்: வில்வித்தை மைதானம்)

2021 ஜூலை, டோக்கியோ ஒலிம்பிக். தென்கொரியாவின் ஆன் சானுக்கு அப்போது 20 வயது. வில்வித்தையில் 3 தங்கம் வென்றார். நாடே கொண்டாட வேண்டிய நேரம். ஆனால் அங்குள்ள ஆண்களின் இணையக் குழுக்களில் ஓடிய பேச்சு வேறு. இந்தப் பெண் ஏன் கிராப் வெட்டியிருக்கிறாள், பெண்கள் பல்கலைக்கழகத்தில் வேறு படிக்கிறாளே, அப்படியானால் பெண்ணியவாதிதான், பதக்கத்தைத் திருப்பித் தரட்டும் என்று எழுதினார்கள்.

தலைமுடிக்கும் பெண்ணியத்துக்கும் என்ன சம்பந்தம்? இங்கே நடப்பது அடையாள வேட்டை.

(திரையில்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், நடுவே சிறு இடைவெளி)

2015இல் தென்கொரியாவில் மேகாலியா என்ற பெண்களின் இணையதளம் உருவானது. இல்பே போன்ற ஆண்கள் தளங்களில் பெண்களைப் பற்றி எழுதப்பட்ட வசைகளை அப்படியே ஆண்கள் பக்கம் திருப்பிவிடுவது அவர்கள் பாணி. இந்தக் கைதான் அவர்கள் சின்னம், ஆணுறுப்பின் அளவைக் கிண்டல் செய்வது. சில ஆண்டுகளில் தளம் மூடப்பட்டது. ஆனால் எங்கே பார்த்தாலும் அந்தக் கையைத் தேடும் பழக்கம் நிற்கவில்லை. 2021 மே மாதம் ஜிஎஸ்25 கடைகளின் விளம்பரத்தில் சாசேஜைப் பிடிக்கப்போகும் ஒரு கை இருந்தது. கடையைப் புறக்கணிப்போம் என்று கிளம்பினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2023 நவம்பரில் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டின் வீடியோவில் கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு கை வந்து போனது. ஒரு பெண் அனிமேஷன் கலைஞரைக் குறிவைத்துத் திட்டித் தீர்த்தார்கள். அந்தக் காட்சியை வரைந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆண் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் வீடியோவைத் தயாரித்த நிறுவனம் மன்னிப்பெல்லாம் கேட்டாகிவிட்டது.

என்னைக் கேட்டால், அந்த மன்னிப்புகள்தான் பெரிய தவறு. இல்லாத சதிக்கு ஒரு நிறுவனம் மன்னிப்புக் கேட்டால், சதி நடந்தது உண்மைதான் என்று ஆகிவிடுகிறது. அடுத்த வேட்டைக்கு அதுவே தெம்பு.

சரி, இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? அதற்குள் உண்மையான வலியும் இருக்கிறது, அதை ஒதுக்கக் கூடாது. அங்கே ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம், தரைப்படையில் 18 மாதம். படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறார்கள். திரும்பி வந்தால் வேலைக்குக் கடும் போட்டி. முன்பு சேவை முடித்தவர்களுக்கு அரசு வேலைத் தேர்வில் 3 முதல் 5 சதவீதம் வரை கூடுதல் மதிப்பெண் இருந்தது. 1999 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெண்கள் எங்கள் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

அந்த வழக்கைப் போட்டவர்களைப் பாருங்கள். ஈஹ்வா பெண்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர், அவர்களோடு மாற்றுத்திறனாளியான ஓர் ஆண். ராணுவத்துக்கே போக முடியாதவருக்கு அந்த மதிப்பெண் எப்படிக் கிடைக்கும்? ஆண்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் குழுக்களின் கதையில் அவர் வருவதே இல்லை. கட்டாய சேவையைச் சட்டமாக்கிய அரசும் வருவதில்லை. ஆண் பெண் சம்பள இடைவெளியில், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பிலேயே தென்கொரியாதான் முதலிடம், 2022இல் சுமார் 31 சதவீதம். அதுவும் வருவதில்லை.

அரசியல்வாதிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் அதிபர் வேட்பாளர் யூன் சுக் யோல், பாலின சமத்துவ அமைச்சகத்தை ஒழிப்பேன் என்று ஒற்றை வரியை முகநூலில் போட்டார். மார்ச்சில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். வாக்குக் கணிப்பில் இருபதுகளில் இருந்த ஆண்களில் பாதிக்கு மேல் அவர் பக்கம், அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் எதிர்ப்பக்கம்.

(திரையில்: இரவு, ஒரு சின்னக் கடை)

2023 நவம்பர், ஜின்ஜு நகரம். இரவு வேலையில் இருந்த ஒரு பெண்ணை, கிராப் வெட்டியிருக்கிறாய், நீ பெண்ணியவாதிதான் என்று சொல்லி ஒருவன் அடித்தான். அவளுக்குக் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. அவனுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை. பெண் வெறுப்புதான் காரணம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்தது.

அங்கே இன்னொருவரும் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய வாடிக்கையாளர், ஓர் ஆண். அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் குறுக்கே போய் நாற்காலியால் அடி வாங்கினார். பிறரைக் காக்கப்போய்க் காயமடைந்தவர் என்று அரசு அவரை முறைப்படி அங்கீகரித்திருக்கிறது.